ஆராதனையில் மெய் எது? சத்தம், மௌனம், மனம் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலை கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் பஸ் ஏறிக் களியக்காவிளை போனால், பத்து கிலோமீட்டர்கூட வராத அந்தத் தூரத்துக்குள் நாலைந்து விதமான ஆராதனை காதில் விழும். ஒரு திருப்பத்தில் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்தில் ஆர்மோனியத்தோடு கீர்த்தனை. அடுத்த மேட்டில் கத்தோலிக்கப் பங்கில் பூசை மணி. கொஞ்சம் தள்ளி மலங்கரை ஆலயத்தில் சுரியானி (சிரியாக்) ராகத்தில் குர்பானா என்கிற அவர்கள் பூசை, சாம்பிராணிப் புகை ரோடு வரைக்கும் வரும். அப்புறம் தகரக் கூரை போட்ட பெந்தெகொஸ்தே சபையில் கைத்தட்டலும் அல்லேலூயாவும். இரட்சணிய சேனைக்காரர்கள் (சால்வேஷன் ஆர்மி) இருக்கிற பக்கமாகப் போனால் டிரம் சத்தமும் சேரும்.

எங்கள் வீட்டில் இது எல்லாமே ஒரே பந்தியில் உட்காரும். அப்பா வழி சிஎஸ்ஐ. அம்மா வழி மலங்கரை. சித்தி கல்யாணத்துக்குப் பிறகு பெந்தெகொஸ்தே ஆனவர், நகை போடமாட்டார். ஞாயிறு மதியம் மரச்சீனியும் மீன்கறியும் இறங்கிய பிறகு சண்டை தொடங்கும்.

“எழுதி வச்சத வாசிச்சா அது ஜெபமா அத்தான்? பள்ளிக்கூடத்துப் பாடம்லா?” என்பார் சித்தி.

“அப்பொ தொண்ட கீறக் கத்தினாத்தான் ஆண்டவருக்குக் கேக்குமோ?” என்பார் பெரியப்பா.

முப்பது வருஷமாக இந்தச் சண்டையைக் கேட்கிறேன். இரண்டு பேரும் ‘உண்மையான ஆராதனை’ என்கிறார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு கேள்விகள் ஒன்றாகக் கிடக்கின்றன. மனது அதில் இருக்கிறதா என்பது ஒன்று. செய்கிற முறை சரிதானா என்பது இன்னொன்று. இது என் சுபாவத்துக்கு ஒத்துவருகிறதா என்பது மூன்றாவது. மூன்றையும் பிரித்துப் பார்த்தால் சண்டையில் பாதி அவிழ்ந்துவிடும். மீதிப் பாதி நிஜமான சண்டைதான், அதையும் மறைக்கப் போவதில்லை.

சாவு வீட்டில் யாருக்குத் துக்கம் அதிகம்?

ஆலயத்தை விட்டுவிட்டு ஒரு சாவு வீட்டுக்குப் போவோம். மகள் மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறாள். மூத்த மகன் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் பந்தல்காரரிடம் நாற்காலிக் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான். மருமகள் அடுக்களையில் கட்டஞ்சாயா போட்டுப் போட்டு அனுப்புகிறாள், வெளியே தலைகாட்டவே இல்லை. பக்கத்து வீட்டுக் கிழவி எல்லாச் சாவுக்கும் பாடுகிற அதே ஒப்பாரியை வரி மாறாமல் பாடுகிறாள்.

இதில் யாருக்கு உண்மையான துக்கம்? அழுகிறவளுக்கு என்று சொல்லத் தோன்றும். ஆனால் மூன்று மாதம் கழித்து அந்த மூத்த மகன் அப்பாவின் செருப்பைத் தூக்கிப் போட முடியாமல் நிற்பதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். கிழவி பாடியது மனப்பாடம். ஆனால் தன் புருஷனை நினைத்து அதே வரிகளில் எத்தனை தடவை அழுதிருப்பாள் என்று யாருக்குத் தெரியும்? துக்கம் ஒவ்வொருவர் உடம்பிலும் ஒவ்வொரு வழியாக வெளியே வருகிறது. சிலரிடம் வெளியே வருவதே இல்லை. பக்தியும் இப்படித்தான்.

‘மெய்’ இரண்டு

தமிழில் மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பும்தான். உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரிவதற்கு மெய்ப்பாடு என்று பெயர். கண்ணீர், புல்லரிப்பு, நடுக்கம், சிரிப்பு எல்லாம் மெய்ப்பாடு. ஆராதனையில் நாம் பிறரைப் பார்க்கும்போது கண்ணுக்குக் கிடைப்பது இது ஒன்றுதான். உடம்பு என்கிற மெய்யைப் பார்த்துவிட்டு உண்மை என்கிற மெய்யை அளந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். குழப்பத்தின் வேர் இங்கே இருக்கிறது.

வேதாகமத்திலேயே இந்தத் தப்பு இரண்டு தடவை, இரண்டு எதிர்த் திசையில் நடக்கிறது. முதலாம் சாமுவேல் முதல் அதிகாரத்தில் அன்னாள் குழந்தை வேண்டி ஆலயத்தில் அழுது ஜெபிக்கிறாள். உதடு மட்டும் அசைகிறது, சத்தம் வரவில்லை. ஆசாரியன் ஏலி பார்த்துவிட்டு, இவள் குடித்திருக்கிறாள் என்று முடிவுகட்டுகிறான். அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தில் பெந்தெகொஸ்தே நாளன்று சீடர்கள் பல பாஷைகளில் சத்தமாகப் பேசுகிறார்கள். கூட்டத்தில் சிலர், இவர்கள் குடித்திருக்கிறார்கள் என்று கேலி செய்கிறார்கள்.

மௌனமாக ஜெபித்தவளுக்கும் குடிகாரி என்று பெயர், சத்தமாகப் பேசியவர்களுக்கும் குடிகாரர் என்று பெயர். இரண்டு இடத்திலும் பார்த்தவர்கள் தங்களுக்குப் பழக்கமான அளவை வைத்துத்தான் அளந்தார்கள். அன்னாளின் கதையில் எனக்குப் பிடித்தது அடுத்த இடம். அவள் விஷயத்தைச் சொன்னதும் ஏலி பிடிவாதம் பிடிக்காமல், சமாதானத்துடனே போ என்று ஆசீர்வதித்து அனுப்புகிறான். எங்கள் ஊர்ப் பந்தியில் இவ்வளவு சீக்கிரம் யாரும் வாபஸ் வாங்கி நான் பார்த்ததில்லை.

‘மாயக்காரர்’ என்று பழைய தமிழ் வேதாகமம் சொல்கிற சொல்லுக்கு மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் மேடை நடிகனைக் குறிப்பது. மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இயேசு அந்தச் சொல்லை வைத்து மூன்று பேரைக் கண்டிக்கிறார்: ஊர் பார்க்கத் தர்மம் செய்கிறவன், தெருமுனையில் நின்று ஜெபிக்கிறவன், உபவாசத்தில் முகத்தை வாட வைத்துக்கொள்கிறவன். தர்மம், ஜெபம், உபவாசம் மூன்றும் நல்ல காரியங்கள்தான். யார் பார்க்க வேண்டும் என்று செய்கிறான் என்பதில்தான் அவர் கண் வைக்கிறார்.

சுருக்கமாக: வெளியே தெரிவது மெய்ப்பாடு. அது மனதுக்கு ஒரு அடையாளம், ஆனால் அளவுகோல் ஆகாது. அடக்கமும் நடிப்பாக இருக்கலாம், ஆரவாரமும் நடிப்பாக இருக்கலாம்.

எழுதிய ஜெபமும் எழுதாத ஜெபமும்

சித்தியின் கேள்விக்கு வருவோம். ஆராதனையில் எது முதலில், எது பிறகு, யார் எதைச் சொல்ல வேண்டும், சபை என்ன பதில் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்து வைத்த ஒழுங்குக்கு வழிபாட்டு முறைமை என்று பெயர். ஆங்கிலம் படித்தவர்கள் லிட்டர்ஜி என்பார்கள். மலங்கரைக் குர்பானா மேற்குச் சுரியானி முறைமை. தக்கலை மறைமாவட்டத்து சீரோ மலபார் ஆலயங்களில் நடப்பது கிழக்குச் சுரியானி முறைமை. கோட்டாறு, குழித்துறை மறைமாவட்டங்களில் இலத்தீன் முறைமை. 1960களில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் (உலகக் கத்தோலிக்க ஆயர்களின் பெருங்கூட்டம்) வழிவிட்ட பிறகுதான் அதில் பூசை தமிழுக்கு வந்தது. எங்கள் பாட்டா காலத்துக் கத்தோலிக்கர்கள் இலத்தீனில் பூசை கேட்டு, கையில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தவர்கள்.

சிஎஸ்ஐ கதை வேறு. இந்தப் பக்கம் அதற்கு வேர் போட்டது இலண்டன் மிஷன். அதன் மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல் மயிலாடி வந்தார். அந்த மிஷன் எளிமையான, ஜெபப் புத்தகத்தைப் பெரிதாக நம்பாத ஆராதனைப் பழக்கம் உள்ளது. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, புத்தகத்தோடு வளர்ந்த ஆங்கிலிக்கர்களும் (இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்தவர்கள்) புத்தகமில்லாமல் வளர்ந்தவர்களும் ஒரே கூரைக்குள் வந்தார்கள். இந்த இரண்டு பழக்கத்தையும் சேர்த்து ஒரு முறைமை செய்ய வேண்டியிருந்தது. ஆக, இன்றைக்குப் பெரியப்பா ‘நம்ம பழைய முறை’ என்று மார்தட்டுவது அவருடைய தாத்தாவுக்குப் புதுசாக இருந்திருக்கும்.

சரி, எழுதிய ஜெபத்தில் மனது இருக்குமா? ரப்பர் தோட்டம் உள்ளவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது எளிது. வெட்டி எடுத்த பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, டிஷ்ஷில் ஊற்றி ஆசிட் விடுகிறோம். மறுநாள் அது உறைந்து டிஷ்ஷின் வடிவத்துக்கு வந்திருக்கும். பால் இல்லாத டிஷ் வெறும் தகரம். அதை ரோலரில் விட்டால் ஷீட் வராது. ஆனால் டிஷ் வேண்டாம் என்று பாலைத் தரையில் ஊற்றினால் கிடைப்பது மண் ஒட்டிய பால்தான். முறைமை என்பது டிஷ். மனது பால்.

இனி, எழுதாத ஜெபம் என்கிறோமே, அது டிஷ் இல்லாத பாலா? சித்தியின் ஜெபத்தை ஒரு மாதம் கூர்ந்து கேட்டேன். ‘அன்பும் இரக்கமும் நிறைந்த எங்கள் நல்ல தகப்பனே’ என்று தொடங்கும். ‘இந்த நல்ல வேளைக்காக ஸ்தோத்திரம்’ அடுத்து வரும். நடுவில் யார் யாருக்கோ சுகம், வேலை, விசா. ‘இயேசுவின் மூலம் கேட்கிறோம் நல்ல பிதாவே’ என்று முடியும். எழுதி வைக்கவில்லை, ஆனால் நல்ல உறுதியான டிஷ். கடவுளை ‘நீர்’ என்று கூப்பிடுகிறாரே, அது வீட்டில் யாரையும் கூப்பிடாத சொல். தமிழ்க் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக் கொடுத்தது. சித்தி அதைப் புத்தகத்தில் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

இதே மத்தேயு ஆறாம் அதிகாரத்தில், ஜெபத்தில் வீண்வார்த்தைகளை அலப்ப வேண்டாம் என்று சொன்ன கையோடு, இப்படி ஜெபியுங்கள் என்று ஒரு ஜெபத்தை வார்த்தை வார்த்தையாகக் கற்றுக்கொடுக்கிறார் இயேசு. ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்று நாங்களும் ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்று கத்தோலிக்கர்களும் சொல்வது அதைத்தான். திரும்பச் சொல்வதிலேயே குற்றம் இருந்திருந்தால் அதைக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டியதில்லை.

சுபாவம் என்று ஒன்று இருக்கிறது

இது சின்ன விஷயம், ஆனால் யாரும் பேசுவதில்லை. சிலருக்குக் கூட்டத்தில் வாய் திறக்காது. சிலருக்கு மௌனத்தில் தூக்கம் வரும். எங்கள் அம்மாவுக்கு ஜெபம் மலையாளத்தில்தான் வரும், சண்டை தமிழில்தான் வரும். எல்லைப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். மனது எந்த பாஷையில், எந்த ராகத்தில் திறக்கும் என்பது பெரும்பாலும் பத்து வயதுக்குள் கேட்ட சத்தத்தைப் பொறுத்தது. அதை ஆவிக்குரிய தராதரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

செய்தாலும் சரி, விட்டாலும் சரி

இப்போது இரண்டாவது கேள்வி: முறை சரியா? வேதம் கட்டளையிடாத, தடுக்கவும் செய்யாத காரியங்களுக்கு இறையியலில் அடியாபோரா என்று ஒரு சொல் உண்டு. கிரேக்கச் சொல்; ‘வித்தியாசம் இல்லாதவை’ என்று பொருள். முட்டுப்போடுவதா நிற்பதா, திருவிருந்தில் ஒரே கிண்ணமா சின்னச் சின்னக் கிண்ணமா, மெழுகுவர்த்தி வேண்டுமா, செருப்பை எங்கே கழற்றுவது எல்லாம் இந்தக் கணக்கில் வரும் என்று சீர்திருத்தச் சபைகள் பொதுவாகச் சொல்கின்றன. எதெது இந்தக் கணக்கில் வரும் என்பதிலேயே சபைகளுக்குள் சம்மதம் கிடையாது. இரட்சணிய சேனையில் ஞானஸ்நானமும் திருவிருந்தும் (அப்பமும் ரசமும் பகிர்வது, கத்தோலிக்கருக்கு நற்கருணை) நடத்துவதே இல்லை. கத்தோலிக்கரிடம் போய் நற்கருணை இல்லாமலும் சபை நடக்கும் என்று சொல்லிப் பாருங்கள்.

அப்போஸ்தலர் பவுல் இதைப் பற்றி ரோமர் பதினாலாம் அதிகாரத்தில் எழுதுகிறார். ரோமச் சபையில் ஒருவன் இறைச்சி உட்பட எல்லாம் சாப்பிடுகிறான், இன்னொருவன் காய்கறி மட்டும். ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், இன்னொருவனுக்கு எல்லா நாளும் ஒன்று. யார் சரி என்று பவுலுக்கு ஒரு கருத்து இருக்கிறது, ஆனால் அதை வைத்து முடிவு சொல்லவில்லை. ‘அவனவன் தன்தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்’ என்கிறார்.

ரொம்பப் பேர் கவனிக்காத இடம் மூன்றாம் வசனம். இரண்டு தரப்புக்கும் ஒரே புத்திமதி சொல்லவில்லை பவுல். சாப்பிடுகிறவன் சாப்பிடாதவனை அற்பமாக எண்ணக் கூடாது. சாப்பிடாதவன் சாப்பிடுகிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது. தாராளமாக இருக்கிறவன் செய்கிற பாவம் ஏளனம். கண்டிப்பாக இருக்கிறவன் செய்கிற பாவம் தீர்ப்பு. எங்கள் மதியப் பந்தியை அப்படியே பார்த்து எழுதியது மாதிரி இருக்கும். நகை போட்டு ஆலயத்துக்குப் போகிற நாங்கள் சித்திக்குத் தீர்ப்புச் சொல்வதில்லை, சிரிப்போம். ‘பித்தளைகூடப் போடாத பரிசுத்தம்’ என்று பெரியம்மா ஒரு தடவை சொன்னது எனக்கு இன்னும் கூசுகிறது. சித்தி எங்களைப் பார்த்துச் சிரிப்பதில்லை, இரட்சிக்கப்படவில்லை என்று முடிவுகட்டி எங்களுக்காக அழுது ஜெபிப்பார். எங்களுக்கு அது ஏளனத்தைவிட வலிக்கும்.

சின்ன விஷயம் எப்போது பெரிய விஷயம் ஆகும்?

‘எல்லாம் அவரவர் இஷ்டம்’ என்று இங்கே முடித்துவிடலாம் போலிருக்கும். முடியாது. 1548-ல் ஜெர்மனியில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் லுத்தரன்கள் (மார்ட்டின் லுத்தர் வழிச் சபையார்) மேல் சில பழைய சடங்குகளைத் திணித்தார். சிலர், இவை அடியாபோராதானே, விட்டுக்கொடுப்போம் என்றார்கள். மற்றவர்கள், கட்டாயப்படுத்தும் இடத்தில் எதுவும் சின்ன விஷயம் அல்ல என்றார்கள். 1577-ல் லுத்தரன்கள் எழுதிய இணக்க அறிக்கை பத்தாம் பிரிவில் இரண்டாவது தரப்பையே ஏற்றுக்கொண்டது.

ஜெர்மனி தூரம் என்றால் நம் ஊரைப் பார்ப்போம். ஒரு பெண் என்ன உடுத்திக்கொண்டு ஆலயத்துக்குப் போகிறாள் என்பது சாதாரண நாளில் அடியாபோராதான். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை போடக் கூடாது என்று தடுத்த காலத்தில் அது சாதாரணமாக இல்லை. தோள்சீலைக்காக அடி விழுந்தது, சீலையைக் கிழித்தார்கள், ஆலயங்களுக்குத் தீ வைத்தார்கள். 1859-ல்தான் மகாராஜா அனுமதித்து அறிக்கை விட்டார்; அதிலும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு வால். தோளில் கிடந்த ஒரு முழத் துணி அன்றைக்கு ஆராதனையின் நடுவில் இருந்தது.

பவுலே இப்படி ஒரு கோடு போடுகிறார். கொரிந்துச் சபையில் பணக்காரர்கள் கர்த்தருடைய பந்திக்கு முன்னே வந்து சாப்பிட்டுக் குடித்துவிடுகிறார்கள், ஏழைகள் வந்து பசியோடு நிற்கிறார்கள். ‘அவனவன் மனதிலே நிச்சயம்’ என்று இங்கே சொல்லவில்லை. இதைக் கர்த்தருடைய பந்தி என்று சொல்லவே முடியாது என்கிறார். சாப்பாட்டில் காய்கறியா இறைச்சியா என்பது அடியாபோரா. பக்கத்தில் நிற்கிறவனைப் பட்டினி போடுவதை அந்தப் பெயரில் சேர்க்க முடியாது.

சுருக்கமாக: முறையில் வேற்றுமை இருக்கலாம், அதை ஏளனம் செய்யவும் வேண்டாம், தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். யாரையாவது கட்டாயப்படுத்தினாலோ, ஒதுக்கினாலோ அது வேறு கணக்கு.

நடத்துகிறவர் சரியில்லை என்றால்?

எல்லாப் பந்தியிலும் வரும் கேள்வி. முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன்: சிஎஸ்ஐயில் ஆயர் என்றால் சேகரத்துப் போதகர், கத்தோலிக்கத்தில் ஆயர் என்றால் மறைமாவட்டத்துத் தலைவர். ஒரே சொல்லை வைத்து இரண்டு பேரைத் திட்டிய கதைகள் உண்டு.

விஷயம் பழையது. 303-ல் தொடங்கிய ரோம அரசின் துன்புறுத்தலில் சில குருக்கள் பயந்து வேதப் புத்தகங்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். அப்படிப்பட்டவர் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்று வட ஆப்பிரிக்காவில் ஒரு கூட்டம் பிரிந்தது. தொனாத்தியர்கள் என்று பெயர். பிற்பாடு அங்கே ஆயராக இருந்த அகஸ்டின் அவர்களுக்குப் பதில் எழுதினார்: கொடுக்கிறது கிறிஸ்து, குரு வெறும் கை. பெரும்பாலான பழைய சபைகள் இதையே ஏற்றன. காரணம் எளிது. குருவின் மனதைப் பொறுத்துத்தான் எல்லாம் என்றால், அவர் மனதைப் பார்க்க முடியாத சபை ஒவ்வொரு வாரமும் சந்தேகத்தோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும். குருவின் தப்பை மூடி மறைக்க இது சாக்கு ஆகாது. அதை விசாரிக்க வேறு இடம் இருக்கிறது.

அப்படியானால் எங்கே பார்ப்பது?

மெய்ப்பாட்டில் தெரியாது, முறையில் தெரியாது என்றால் மனதின் உண்மை எங்கேதான் தெரியும்? தீர்க்கதரிசிகள் ஆலயத்துக்கு வெளியே கைகாட்டுகிறார்கள். ‘உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று’ என்று ஆமோஸ் சொல்வதை சித்தியின் சபைக்கு எதிராகப் பெரியப்பா அடிக்கடி எடுத்துவிடுவார். அடுத்த வசனத்தைச் சொல்லமாட்டார். ‘நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது.’ ஆமோஸுக்குப் பாட்டின் சத்தம் பிரச்சினை இல்லை. பாடிவிட்டுப் போய் ஏழையின் வழக்கைப் புரட்டுகிறார்களே, அதுதான்.

மத்தேயு ஐந்தில் இன்னும் கிட்ட வருகிறது. காணிக்கையோடு பலிபீடத்தருகே வந்தபின் உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து. ஆராதனையை நடுவில் விட்டுப் போவதும் ஆராதனையின் ஒரு பகுதி ஆகிறது.

பெரியப்பாவுக்கும் அவர் தம்பி, அதாவது எங்கள் கடைசிச் சித்தப்பாவுக்கும் ஒரு பலா மரத்தால் எட்டு வருஷம் பேச்சு இல்லை. மரம் வேலிக்கு அந்தப் பக்கம், கிளை இந்தப் பக்கம். ஒரு திருவிருந்து ஞாயிறு, வரிசையில் அவருக்குப் பின்னால் நான் நின்றேன். இன்னும் மூன்று பேர்தான் முன்னால். திடீரென்று பெரியப்பா காணிக்கைக் கவரை என் கையில் திணித்துவிட்டு, வரிசையிலிருந்து விலகி, பக்கவாட்டு வாசல் வழியாக இறங்கிப் போனார். செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு போனார், ஒன்று யாருடையதோ. சபையில் கசமுசா. திருவிருந்து வாங்காமல் போகிறாரே, என்ன பாவமோ என்று பின்னால் ஒருவர் சொன்னது எனக்குக் கேட்டது.

மதியம் பந்தியில் சித்தியும் அதையே கேட்டார். பெரியப்பா பதில் சொல்லவில்லை. அடுக்களைத் திண்ணையில் கால் நீளத்துக்கு ஒரு வரிக்கைச் சக்கை, பலாப்பழம்தான், கிடந்தது, காம்பில் பால் இன்னும் காயவில்லை. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, “கத்தி எடு பிள்ளே, எல்லாருக்கும் வெட்டணும்” என்றார் சித்தியிடம்.